"எனக்கு இனிமே பட்டன் போனே போதும்!" - அத்தையின் போனை மீட்ட கதை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலை ஐந்தரை மணிக்கே முதல் ஆளாக ஆஜராகிவிடுவார் அத்தை. வாசல் கோலத்தின் போட்டோ, அன்றைய ராசிபலன், பேரனின் சேட்டை வீடியோ என வரிசையாக வந்து விழும். அவர் வசிப்பது தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே வார்டு மக்களுக்கென்று இருக்கும் குரூப்பில் அத்தைதான் அறிவிக்கப்படாத நிருபர். தெருவிளக்கு எரியவில்லையா, இருட்டையே போட்டோ எடுத்துப் போடுவார். சாக்கடை அடைத்துக்கொண்டதா, நாள், நேரத்தோடு எழுதுவார். "சென்னையில உக்காந்து நீ எழுதுதது மட்டுந்தான் செய்தியா?" என்று என்னைக் கிண்டல் செய்வார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, கோலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அம்மா போன் செய்தார். "அத்தை போனை எவனோ புடிச்சிட்டானாம்டி. அவ பேரைச் சொல்லி எல்லார்கிட்டயும் காசு கேட்டிருக்கான். பக்கத்து வீட்டு அக்கா நம்பி அனுப்பிட்டாளாம்."

இணையக் குற்றச் செய்திகளை மாதம் நான்கு முறையாவது எழுதுகிறவள் நான். 'உஷார் மக்களே' என்று எத்தனையோ தலைப்புகள் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கடுத்த வார இறுதியில் ஊருக்கு பஸ் ஏறினேன்.

பத்திரிகை வந்த வழி

நடந்தது இதுதான். அத்தைக்குத் தெரிந்த ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு 'கல்யாணப் பத்திரிகை' வந்திருக்கிறது. முகூர்த்த மாதம். யார் வீட்டுக் கல்யாணமோ என்று தொட்டிருக்கிறார். பத்திரிகை திறக்கவில்லை. 'இதை இன்ஸ்டால் செய்யவா?' என்று போன் கேட்டிருக்கிறது. 'சரி' கொடுத்தார். எஸ்.எம்.எஸ் படிக்க அனுமதி கேட்டது. அதற்கும் 'சரி'.

அது பத்திரிகையே இல்லை. பெயர் ஏபிகே என்று முடியும் ஃபைல். ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியை உட்கார வைக்கும் பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பத்திரிகை போட்டோவாகவோ, பிடிஎஃப் ஆகவோ, வீடியோவாகவோதான் வரும். அது எதையும் இன்ஸ்டால் செய்யச் சொல்லாது. உள்ளே போன செயலி, அத்தைக்கு வரும் எஸ்.எம்.எஸ்களை வேறு எங்கோ இருக்கும் ஒருவனுக்குக் காட்டத் தொடங்கியது. அவன் தன் போனில் அத்தையின் எண்ணைப் போட்டு வாட்ஸ்அப் திறந்தான். சரிபார்ப்பு எண் அத்தைக்கு வந்தது, அவனுக்கும் தெரிந்தது. முடிந்தது கதை.

"அவசரமா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கேன், நாளைக்குத் திருப்பித் தாரேன்" என்று அத்தையின் பெயரில், அத்தையின் போட்டோவோடு, தொடர்பில் இருந்த பலருக்கும் செய்தி போயிருக்கிறது. பலர் சுதாரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சுயஉதவிக்குழுத் தவணைக்கு வைத்திருந்த 6,500 ரூபாயை அனுப்பிவிட்டார். அவர் நம்பியது வாட்ஸ்அப்பை அல்ல, 20 வருடங்களாகப் பழகிய அத்தையை.

1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்திருந்தால், அந்தப் பணம் கைமாறிப் போவதற்குள் வங்கியில் முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். இணையப் பண மோசடிக்கென்றே நாடு முழுக்க இயங்கும் உதவி எண் அது. முதல் ஒரு மணி நேரம்தான் பொன்னான நேரம் என்பார்கள். இவர்கள் புகார் கொடுத்தது இரண்டு நாள் கழித்து. பணம் வரவில்லை. அத்தை தன் சீட்டுப் பணத்தை எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்கா வாங்கிக்கொண்டார். ஆனால் முன்புபோல மாலையில் திண்ணைக்கு வந்து உட்காருவதில்லை.

ஏழு நாள் மௌனம்

மச்சான் பெங்களூருவில் இருந்து போனிலேயே வழி சொல்லி, அத்தையின் போனை முழுவதுமாக ரீசெட் செய்ய வைத்திருந்தார். அது சரியான முடிவு. திருட்டுச் செயலி போனில் இருக்கும்வரை, எத்தனை முறை வாட்ஸ்அப்பை மீட்டாலும் அடுத்த எஸ்.எம்.எஸ்ஸும் அவனுக்குத்தான் போகும்.

அதன் பிறகு அத்தை தன் எண்ணைப் போட்டு, புதிதாக வந்த ஆறு இலக்க எண்ணைக் கொடுத்ததும் திருடன் வெளியேற்றப்பட்டான். ஆனால் அத்தையாலும் உள்ளே போக முடியவில்லை. அவன் போகும்போது கதவில் தன் பூட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்ற ரகசிய பின் எண். அந்த பின் தெரியாவிட்டால் ஏழு நாள்கள் காத்திருக்க வேண்டும் என்பது வாட்ஸ்அப்பின் விதி. அத்தை முதல் நாளே போட்டிருக்க வேண்டிய பூட்டை, திருடன் வந்து போட்டிருக்கிறான்.

நான் போனபோது அந்த ஏழு நாளும் முடிந்திருந்தது. கணக்கு திரும்பிவிட்டது. ஆனால் அத்தை போனை எடுக்கவில்லை. பீரோ மேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

"எனக்கு எதுக்குட்டி இந்த வேலை? பேசாம பட்டன் போனே வாங்கிக்கிடுதேன்" என்றார். "உங்க மாமா சொல்லுததுதான் சரி. வார்டு குரூப்புல எழுதப் போயிதானே இத்தனை பேருக்கு என் நம்பர் தெரிஞ்சிது."

மாமா ஆமோதித்தார். "பொம்பளை போன்ல எதுக்கு இத்தனை பேச்சு? தேவைன்னா பேசிட்டு வச்சிரணும்."

எனக்கு உறுத்தியது அங்கேதான். பெண்களின் போனில் எது நடந்தாலும் நம் வீடுகளில் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: போனை வை, போட்டோவை எடு, அக்கவுன்ட்டை மூடு. வீட்டில் திருடன் புகுந்தால் பூட்டை மாற்றுவோம். வாசலையே செங்கல் வைத்து அடைக்க மாட்டோம். டிஜிட்டல் பாதுகாப்பு என்று வரும்போது மட்டும் வாசலை அடைக்கிறோம். அதில் அடைபடுவது திருடன் இல்லை, அத்தையின் குரல்.

"ரெண்டு நாள் எனக்குக் குடுங்க அத்தை. அதுக்கப்புறமும் பட்டன் போன்தான் வேணும்னா நானே வாங்கித் தாரேன்" என்றேன்.

முதல் நாள்: போன்

மதியச் சாப்பாடு முடிந்து, பாயை விரித்து உட்கார்ந்தோம். ஒவ்வொன்றையும் அத்தையின் விரலாலேயே செய்ய வைத்தேன். நான் செய்து கொடுத்தால் அடுத்த முறை மறந்துவிடும்.

முதலில் வாட்ஸ்அப். செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்' பகுதிக்குள் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்'. ஆறு இலக்க பின் ஒன்றைப் போட்டார். பிறந்த தேதியும் வேண்டாம், பேரன் பிறந்த தேதியும் வேண்டாம் என்றதும் கொஞ்சம் யோசித்து ஏதோ ஒன்றைத் தட்டினார். என்னிடம் சொல்லவில்லை. நல்ல மாணவி!

அடுத்து 'லிங்க்டு டிவைசஸ்'. நம் கணக்கு வேறு எந்தக் கம்ப்யூட்டரிலாவது, போனிலாவது திறந்திருக்கிறதா என்று காட்டும் இடம் இது. தெரியாத பெயர் இருந்தால் தொட்டு வெளியேற்றிவிடலாம். மாதம் ஒரு முறை, கேஸ் புக் செய்யும் நாளில் இதைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

மூன்றாவது, போனின் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்'. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலியை ஏற்ற எந்தெந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது என்று காட்டும். வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் அது 'இல்லை' என்று இருந்தால், நாளைக்கு எந்தப் பத்திரிகை வந்தாலும் ஒரே தொடலில் உள்ளே நுழைய முடியாது.

நான்காவது, பாஸ்வேர்டு. அத்தையின் ஜிமெயில் பாஸ்வேர்டு மச்சானின் பெயரும் பிறந்த வருடமும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த ரகசியம்! நீளமான புதிய பாஸ்வேர்டு வைத்தோம். "ஞாபகம் இருக்காதே" என்றார். ஒரு நோட்டில் எழுதி பீரோவில் புடவைக்கு அடியில் வையுங்கள் என்றேன். பலரும் இதைத் தப்பு என்பார்கள். அலுவலகத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டினால்தான் தப்பு. நம் பாஸ்வேர்டைத் திருடுகிறவன் எங்கோ தூரத்தில் இருந்து கம்ப்யூட்டர் வழியாக வருகிறான். அவனால் அத்தையின் பீரோவைத் திறக்க முடியாது. என்னைப்போல நூறு கணக்கு வைத்திருப்பவர்களுக்கு பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜர் செயலிகள் இருக்கின்றன. அத்தைக்கு நோட்டே போதும்.

கடைசியாக ஒரு விதி. யார் பணம் கேட்டாலும், எவ்வளவு நெருங்கியவரானாலும், சாதாரண போன் காலில் அழைத்துக் குரலைக் கேட்டுவிட்டு, வீட்டு ஆளுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்ட பிறகுதான் அனுப்புவது. இந்த விதியைச் சொன்னதும் அத்தை எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தார். அவர் போனிலும் அதே பூட்டைப் போட்டோம்.

கீபோர்டுக்குத் தெரியாத ரகசியம் இல்லை

அத்தையின் போனில் தமிழ் தட்டச்சுக்கு ஒரு கீபோர்டு செயலி இருந்தது. ரீசெட்டுக்குப் பிறகும் முதல் வேலையாக அதைத்தான் ஏற்றியிருந்தார். பூப்போட்ட பின்னணி, நிறைய ஸ்டிக்கர், நடுநடுவே விளம்பரம். யார் செய்தது என்று பார்த்தால் ஒரு பெயர், ஓர் இமெயில், அவ்வளவுதான். ஆனால் கான்டாக்ட்ஸ், லொக்கேஷன் எனப் பல அனுமதிகள் வாங்கியிருந்தது. எழுத்து தட்டுவதற்கு நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று எதற்குத் தெரிய வேண்டும்?

நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் கீபோர்டு வழியாகத்தான் போகிறது. வாட்ஸ்அப் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும் கீபோர்டு ஒட்டுக்கேட்டால் பயனில்லை. இது கற்பனை பயமும் இல்லை. 2017-ல் 'ஏஐ.டைப்' என்ற பிரபலமான கீபோர்டு செயலியின் தகவல் கிடங்கு, பாஸ்வேர்டுகூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பெயர், போன் எண், இமெயில் என்று எல்லாம் அதில் இருந்தன.

போனோடு வரும் கீபோர்டிலேயே தமிழ் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். அல்லது 'இண்டிக் கீபோர்டு' போன்ற கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். கேரளத்தின் 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' குழு உருவாக்கியது அது. தமிழும் உண்டு.

"கட்டற்றதுன்னா?" என்றார் அத்தை.

மிளகாய்ப்பொடியை வைத்து விளக்கினேன். கடையில் பாக்கெட் வாங்கினால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கம்பெனி சொல்வதை நம்ப வேண்டும். மில்லில் கொடுத்து, முன்னால் நின்று அரைத்து வாங்கினால் எல்லாம் கண் முன் நடக்கும். கட்டற்ற மென்பொருள் மில்லில் அரைத்த பொடி மாதிரி. அது எப்படிச் செய்யப்பட்டது என்ற மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சோதிக்கலாம், திருத்தலாம்.

"நமக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாதே?" என்றார் அக்கா. சரியான கேள்வி. நமக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். 2024 மார்ச் மாதம் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினீயர், தன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டினார். 'எக்ஸ்இசட்' என்ற கட்டற்ற மென்பொருளுக்குள் யாரோ இரண்டு வருடங்களாக நல்லவர்போல வேலை செய்து, ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்திருந்தது தெரிந்தது. உலகம் முழுக்கப் பல சர்வர்களுக்குப் பரவுவதற்குள் தடுத்துவிட்டார்கள். கட்டற்ற மென்பொருளிலும் கலப்படம் வரலாம். ஆனால் மில் திறந்திருப்பதால் பிடிக்க முடிந்தது.

இரண்டாம் நாள்: மாமாவின் ஜெராக்ஸ் கடை

மாமா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வருமானச் சான்றிதழ், பட்டா, காலேஜ் அப்ளிகேஷன் என ஆன்லைன் வேலைகள் எல்லாம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது அந்தக் கம்ப்யூட்டரைச் சும்மா எட்டிப் பார்த்தேன்.

விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. அதுவும் யாரோ பென் டிரைவில் கொண்டு வந்து ஏற்றிக் கொடுத்த 'கிராக்' பதிப்பு. போட்டோஷாப்பும் கிராக். இலவசமாக வரும் கிராக் மென்பொருளில் பூட்டை உடைத்தவன், தன் சாவி ஒன்றையும் உள்ளே வைத்திருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். நூற்றுக்கணக்கில் ஆதார் கார்டுகள், பான் கார்டுகள், பேங்க் பாஸ்புக் முதல் பக்கங்கள். பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களுடையவை. எடுத்த பிறகு யாரும் அழிக்கவில்லை.

"மாமா, அத்தை போன்ல திருடன் புகுந்தா அத்தைக்கு மட்டுந்தான் நஷ்டம். இதுல புகுந்தா பாதி ஊருக்கு நஷ்டம்" என்றேன்.

மாமா ஒன்றும் பேசவில்லை. மவுஸைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு ஃபைலாக அழிக்க ஆரம்பித்தார். முழுவதையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தோம்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. அப்போது நாங்கள் யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது மாமாவின் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்த்தோம். கிராக் தேவையில்லை, விலையும் இல்லை. அப்ளிகேஷன் வேலைகளுக்கு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ். பிரின்டர் உடனே வேலை செய்தது. ஸ்கேனருக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. போட்டோஷாப் இல்லாதது மாமாவுக்குக் குறைதான், பாஸ்போர்ட் போட்டோ வேலைக்கு ஜிம்ப் பழகிக்கொண்டிருக்கிறார். இவற்றையெல்லாம் தமிழில் கற்க விரும்புகிறவர்களுக்கு 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழ் நல்ல தொடக்கம்.

கடைக்குப் போகும் வாசகர்களுக்கும் ஒன்று. ஆதார் நகல் தேவைப்படும் பல இடங்களில் 'மாஸ்க்டு ஆதார்' போதும். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் நகல் அது. ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம். பிரின்ட் எடுத்ததும் "அண்ணே, ஃபைலை அழிச்சிருங்க" என்று நின்று சொல்லுங்கள். தப்பே இல்லை.

போஸ்ட் கார்டா, இன்லேண்ட் லெட்டரா?

சாயங்காலம் மாமாவே கேட்டார். "அப்போ எந்த ஆப்புதான் நல்லது? அரட்டைங்கிறாங்க, டெலிகிராம்ங்கிறாங்க, சிக்னல்ங்கிறாங்க."

ஒட்டிய இன்லேண்ட் லெட்டருக்கும் போஸ்ட் கார்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே முக்கியம். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர, நடுவில் இருக்கும் நிறுவனம்கூடப் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்புவதற்கு 'எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன்' என்று பெயர். வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் இது எல்லோருக்கும் உண்டு. டெலிகிராமில் சாதாரண அரட்டைகளுக்குக் கிடையாது, 'சீக்ரெட் சாட்' தொடங்கினால்தான் உண்டு. சோஹோவின் அரட்டைக்கு 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென்று கூட்டம் குவிந்தபோது எழுந்த முதல் கேள்வியே இதுதான். அப்போது அதில் அழைப்புகளுக்கு இந்தப் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. கொண்டுவருவோம் என்றது நிறுவனம். ஆக, எந்தச் செயலியானாலும் உள்நாடா வெளிநாடா என்பதோடு, பூட்டு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

வாட்ஸ்அப் செய்தியைப் படிக்காவிட்டாலும், யார் யாரோடு எப்போது பேசுகிறார்கள் என்ற தகவல்கள் அதனிடம் சேர்கின்றன. லாபநோக்கற்ற அமைப்பு நடத்தும் சிக்னல், அதையும் முடிந்தவரை சேமிப்பதில்லை. 2021-ல் அமெரிக்க நீதித் துறை ஒரு வழக்கில் பயனாளர் விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நேரத்தையும் மட்டுமே சிக்னலால் கொடுக்க முடிந்தது. வேறெதுவும் அதனிடம் இல்லை.

இந்தப் பூட்டு திருடனுக்கு எதிரானது மட்டும் இல்லை. ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்டால் சொல்ல வேண்டும் என்கிறது மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த ஐ.டி விதி. வதந்தி பரப்பியவரைப் பிடிக்க இது தேவை என்பது அரசின் வாதம். அதற்காகப் பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் வாட்ஸ்அப்பே இருக்காது என்று 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அந்நிறுவனத்தின் வழக்கறிஞர் சொன்னார்.

"எழுதினா கேஸ் வருமா?"

அத்தையின் உண்மையான பயம் கடைசியில்தான் வெளியே வந்தது. "பூட்டெல்லாம் சரிட்டி. நான் பாட்டுக்குத் தெருவிளக்கு எரியலைன்னு எழுதி, அதுக்கு யாராச்சும் கேஸ் போட்டா?"

இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 2012-ல் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு சிறுதொழில் அதிபர், அரசியல்வாதி ஒருவரைப் பற்றி ட்வீட் போட்டதற்காகக் கைது செய்யப்பட்டார். அப்போது ட்விட்டரில் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர்தான். அதே ஆண்டு மகாராஷ்டிராவின் பால்கரில், ஒரு தலைவரின் மறைவுக்காக நடந்த கடையடைப்பைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார்கள். இரண்டிலும் பயன்பட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. ஆகவே 'எரிச்சலூட்டுகிறது' என்பதற்காக மட்டும் ஒருவர் மீது அந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது.

அதற்காக எதையும் எழுதலாம் என்றும் இல்லை. அவதூறு, மதம், சாதியை வைத்து மோதலைத் தூண்டுவது, பெண்களை இழிவுபடுத்துவது எல்லாம் இணையத்திலும் குற்றம்தான். 'நான் எழுதவில்லை, ஃபார்வர்டுதான் செய்தேன்' என்பதும் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை 2018-ல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த முன்னாள் எம்.எல்.ஏ ஒருவர், படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார். வழக்கை ரத்து செய்ய 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் மறுத்தது. 2024-ல் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

வாசலை அடைப்பது வீட்டுக்குள் மட்டும் நடப்பதில்லை. மாமாவுக்கு 2018 மே நன்றாக நினைவிருக்கிறது. ஸ்டெர்லைட் போராட்டத் துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடியோடு நெல்லை, குமரி மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். இன்ஜினீயரிங் கவுன்சலிங் முதல்முறையாக ஆன்லைனுக்கு மாறிய வருடம் அது. விண்ணப்பம் போடும் மாதம். "பிள்ளைக வந்து வந்து நெட்டு வந்துட்டா மாமான்னு கேட்டுட்டுப் போகும். எவன் போன்ல என்ன நடக்குதுன்னே தெரியாம உக்காந்திருந்தோம்" என்றார். இணையம் வழியாகப் பேசுவதும் அரசமைப்புச் சட்டம் பாதுகாக்கும் பேச்சுரிமையே என்றும், காலவரையின்றி இணையத்தை நிறுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்றும் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று சொன்னது.

மாமாவின் கடையில் எல்லோருக்கும் பழக்கமான அந்த ஆரஞ்சுக் கூம்பு, வி.எல்.சி பிளேயர். கட்டற்ற மென்பொருளான அதன் இணையதளமே 2022 பிப்ரவரியில் இந்தியாவில் முடக்கப்பட்டது. காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் துணையோடு சட்டப்படி கேட்ட பிறகு நவம்பரில் தடை நீங்கியது. 2025 பிப்ரவரியில் பிரதமர் பற்றிய ஒரு கார்ட்டூனை முன்வைத்து விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. மார்ச் 6 அன்று, அந்த கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு, தளத்தைத் திறக்க உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். இரண்டிலும் தளம் திறந்ததற்குக் காரணம், மூடப்பட்டவர்கள் சும்மா இருக்காமல் கேட்டதுதான்.

"அப்போ உள்ளதை உள்ளபடி எழுதலாம்" என்றார் அத்தை.

"எழுதலாம் அத்தை. போட்டோ, தேதி, இடம் போடுங்க. ஆளைத் திட்டாதீங்க, வேலையைக் கேளுங்க. அடுத்தவங்க முகமும் வீட்டு விலாசமும் தெரியாமப் பார்த்துக்கோங்க. கேள்விப்பட்டதை எழுதாதீங்க, கண்ணால பார்த்ததை எழுதுங்க." பத்திரிகை டிப்ளமோவில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

உங்கள் வீட்டுக்கு, சுருக்கமாக

வாட்ஸ்அப் பின் இன்றே போடுங்கள். ஏபிகே ஃபைல் யார் அனுப்பினாலும் தொடாதீர்கள். பணம் கேட்டால் குரலைக் கேளுங்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. வீடியோ காலில் மிரட்டினால் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே 1930. பிறகு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார். முக்கியமாக, ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் அத்தை முதல் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். அந்த இரண்டு நாளில்தான் 6,500 ரூபாயும் கைவிட்டுப் போனது.

ஞாயிறு இரவு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். தெருமுனை வரை அத்தையும் அக்காவும் கூடவே வந்தார்கள். கம்பத்தில் விளக்கு எரியவில்லை. அக்கா தன் போன் டார்ச்சை அடித்து வழி காட்டினார். அத்தை நின்று, தன் போனை எடுத்து, இருட்டை ஒரு போட்டோ எடுத்தார்.

பஸ் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. வார்டு குரூப்பில் அத்தை எழுதியிருந்தார்: 'மேலத் தெரு முனைக் கம்பம். ஒன்பது நாளாக விளக்கு இல்லை. ராத்திரி டியூஷன் முடிஞ்சு பிள்ளைகள் வரும் வழி. எப்போது சரி செய்வீர்கள்?'

கீழே முதல் ஆளாகக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தது பக்கத்து வீட்டு அக்கா. இரண்டாவது, மாமா.